உருகுவே போகிற வழியில் கனடா

அன்று பின்னேரம் எங்கள் கட்டிலில் பதினாலு பார்சல்கள் கிடந்தன. சரிபார்க்க இன்னொரு முறை எண்ணத் தொடங்கினேன். ஒன்பதில் நிற்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். பதினைந்தாவது வந்துவிட்டது.

கொண்டுவந்தவள் ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் இருக்கிற ஒரு பெண். எனக்கு அவளுடைய பெயர்கூடத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பார்சலைத் தலையணைக்குப் பக்கத்தில் குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினாள்.

"மாஸ்டர், கனக்க ஒண்டுமில்லை. மிளகாய்த்தூளும் கொஞ்சம் ஒடியல் மாவும். என்ரை அண்ணன் ஸ்காபரோவிலை. வசந்தி அக்கா போய்ச் சேர்ந்து ஒரு ரெலிபோன் பண்ணினால் அவரே வந்து எடுப்பார்."

"பிள்ளை, மகள் கனடாவுக்குப் போகேல்லை" என்றேன். "உருகுவேக்குப் போறாள். தென் அமெரிக்கா. தான் வேலைசெய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவோடை போய், மாரி முடியத் திரும்பி வாறாள்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் திறந்திருந்தது. எழுந்துபோய் அதைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஓம் மாஸ்டர். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

ஜன்னலைச் சாத்தியதும் அறை மிளகாய் நெடியில் நிறைந்தது. நான் மூன்று முறை தும்மினேன். அவள் அதையும் ஏதோ சைகை என்று எடுத்துக்கொண்டிருப்பாள். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

படி மாதிரி நாடுகள்

அவளைக் குறைசொல்ல முடியாது. அந்த வருடங்களில் எங்கள் சனத்துக்கு நாடு என்பது மிதித்து ஏறுகிற படியாக இருந்தது. மொஸ்கோவுக்குப் போகிறேன் என்றால் ஜேர்மனி. பாங்கொக் என்றால் சுவிஸ். நாங்கள் இருக்கிற இத்தாலியின் பலெர்மோவுக்கே பலர் அப்படித்தான் வந்தார்கள். மேலே போக வழி கிடைக்கும்வரை என்று வந்து, வழி கிடைக்காமல், சிஞ்ஞோராக்களின் வீடுகளில் தரை துடைத்துக்கொண்டே பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடம் சேர்த்துவிட்டார்கள்.

எங்கள் தெருவிலிருந்த ஒருவர், மாமியாருக்குச் சுகமில்லை, கொழும்புக்குப் போகிறேன் என்று எல்லா வீட்டிலும் விடைபெற்றுப் போனார். அடுத்த மாதம் ரொறன்ரோவிலிருந்து அவர் பனியில் நிற்கிற படம் வந்தது. பக்கத்தில் மாமியாரும் நின்றார். சுகமாகத்தான் இருந்தார்.

ஆகவே உருகுவே என்ற பெயரை நான் சொன்ன உடனேயே சனம் முடிவுகட்டிவிட்டது. கேள்விப்படாத நாடு என்றால் புது வழி. புது வழி என்றால் மாஸ்டருக்குப் பின்னால் பெரிய ஆள் யாரோ இருக்கிறார்.

நான் மாஸ்டர் என்பது உண்மை. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடத்துக்குமேல் புவியியல் படிப்பித்தவன். மனைவி காலமான பிறகு, மகள் வசந்தி என்னைத் தன்னிடம் கூப்பிட்டாள். போர்கோ வெக்கியோச் சந்தைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஒரு அறையும் குசினியும். அந்த வீட்டின் தண்ணீர்த் தாங்கியோடு நான் பட்ட பாட்டை முன்பொரு வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருக்கிறேன். வாசிக்காதவர்கள் தப்பித்தார்கள்.

என்னுடைய பெர்மேஸ்ஸோ, அதாவது நான் இத்தாலியில் இருக்கலாம் என்று கொடுத்த அனுமதிப் பத்திரம், வசந்தியுடைய பெர்மேஸ்ஸோவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இங்கே இருந்தால்தான் நானும் இருக்கலாம். அவள் போய்த் திரும்பி வராவிட்டால், தனியாக ஒரு கிழவன், இத்தாலியன் அரைகுறை, பெர்மேஸ்ஸோ கொடுக்கிற கொஸ்தூராப் பொலிஸார் கேட்டால் சொல்ல ஒரு பதிலும் இல்லை.

ஊர்ச் சனம் சந்தோஷமாகச் சந்தேகப்பட்டது. நான் பயந்து பயந்து சந்தேகப்பட்டேன்.

சிஞ்ஞோரா ஆகத்தா

முதலில் என் சந்தேகம் மகள்மேல் விழவில்லை. சிஞ்ஞோராமேல்தான் விழுந்தது.

வசந்தி அவருடைய வீட்டிலேயே தங்கி வேலைசெய்தாள். வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் என்னிடம் வருவாள். சிஞ்ஞோரா ஆகத்தா எண்பது கடந்த விதவை. கால் வராது. இரண்டு மகன்மாரும் மிலானோவில். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, அதில் ஒன்பது சாவிகள். சீனிக் கட்டிகளை எண்ணி வைப்பார். வெள்ளிக் கரண்டிகளை வசந்திக்கு முன்னாலேயே எண்ணுவார்.

வசந்தி ஆரம்பத்தில் அழுதாள். பிறகு அவர் எண்ணும்போது தானும் கூடவே தமிழில் எண்ணத் தொடங்கினாள். சிஞ்ஞோராவுக்குப் பன்னிரண்டுவரை தமிழ் தெரியும்.

அவருக்கு மொன்டேவீடியோவில் ஒரு தம்பி. இளந்தாரியாகப் பலெர்மோத் துறைமுகத்தில் கப்பலேறியவர். பிறகு ஊர்ப்பக்கம் வரவேயில்லை. சாவதற்குமுன் ஒருமுறை அவரைப் பார்க்கவேண்டும் என்று சிஞ்ஞோரா பிடிவாதம் பிடித்தார். மகன்மாருக்கு நேரமில்லை. வசந்தியை அனுப்பினால் அம்மாவைப் பார்த்துக்கொள்வாள் என்று ரிக்கெற், விசா எல்லாம் அவர்களே எடுத்துவிட்டார்கள்.

கேட்டவுடன் நான் சேர்ட் மாற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"திரும்பி வருவதற்கு ரிக்கெற் இருக்கிறதா, சிஞ்ஞோரா?"

"இருக்கிறது, புரொஃபெசோரே." படிப்பித்தவன் என்பதால் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"பார்க்கலாமா?"

"என்னை நம்பவில்லையா?"

"நம்புகிறேன். பார்க்கலாமா?"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "கரண்டி எண்ணும்போது நானும் உங்கள் மகளிடம் இதைத்தான் சொல்கிறேன்" என்றபடி ஒன்பது சாவிகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்து மேசை லாச்சியைத் திறந்தார்.

போக ஒன்று, வர ஒன்று, இரண்டு பேருக்கும். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் என் மனம் ஆறவில்லை. பனியில் நின்று படம் எடுத்த அந்த மனிதரிடமும் திரும்பிவருகிற ரிக்கெற் இருந்ததுதானே?

ஒரு குற்றமும் இல்லாத நாடு

சிஞ்ஞோராவில் பிழை பிடிக்க முடியாமல் போகவே, நாட்டில் பிடிக்கலாம் என்று நகர நூலகத்துக்குப் போனேன். அங்கே தடித்த கலைக்களஞ்சியத்தின் கடைசித் தொகுதியை இறக்கித் தரச்சொன்னேன். தூசியில் இன்னுமொரு தும்மல்.

முப்பது வருடம் நான் தென் அமெரிக்கா படிப்பித்தேன். பிரேசில் என்றால் கோப்பி. சிலி என்றால் செம்பு. ஆர்ஜென்ரீனா என்றால் கோதுமை. பொலிவியா என்றால் தகரம். உருகுவேக்கு ஒரே ஒரு வரிதான்: செம்மறி, மாட்டிறைச்சி, தோல். பிள்ளைகள் படம் கீறும்போது கடைசியாக, பிரேசிலுக்கும் ஆர்ஜென்ரீனாவுக்கும் நடுவில் மிஞ்சிய இடத்தில், ஒரு பலாச்சுளை மாதிரி அதை வைத்துவிடுவார்கள். நானும் பிழை போடுவதில்லை. ஒருநாள் என் வீட்டு விஷயமாக அது வரும் என்று யாருக்குத் தெரியும்?

பக்கம் பக்கமாகத் தேடினேன். எரிமலை இல்லை. பனிமலை இல்லை. ஆகப்பெரிய மலை ஐந்நூறு மீற்றரைக் கொஞ்சம் தாண்டும். எங்கள் பேதுருதாலகாலை மலையில் ஐந்தில் ஒரு பங்கு. பாலைவனம் இல்லை. அடர்ந்த காடும் இல்லை. எங்கும் அலையலையாகப் புல்வெளி. இலங்கையைப்போல் இரண்டரை மடங்குக்கும் பெரிய நிலத்தில், இலங்கைச் சனத்தொகையில் ஆறில் ஒரு பங்கு. அதிலும் ஏறக்குறையப் பாதி தலைநகரில். மிச்ச நாட்டை மாடுகளும் ஆடுகளும் வைத்துக்கொண்டிருக்கின்றன.

தலைநகர் ஓர் ஆற்றின் வாயில் இருக்கிறது. ஆறு என்று பெயர்தான். அக்கரை தெரியாது. தண்ணீர் மண்ணிறம். ஆனால் சனம் கடற்கரைபோலவே அதன் ஓரத்தில் பாய் விரித்துப் படுக்கிறது, பின்னேரங்களில் கரையோர வீதியில் நடக்கிறது. பலெர்மோவின் மொண்டெல்லோக் கடற்கரையை நீட்டி இழுத்து, தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றினால் மொன்டேவீடியோ என்று வசந்திக்குச் சொன்னேன்.

மொழி ஸ்பானியம். இத்தாலியன் தெரிந்தால் பாதி விளங்கும். அரைவாசிச் சனத்தின் பூட்டன்மார் இத்தாலியிலிருந்து போனவர்கள். ஒவ்வொரு மாதமும் இருபத்தொன்பதாம் திகதி உருளைக்கிழங்கு மாவில் செய்த ஞொக்கி சாப்பிடுவார்களாம். சாப்பிடும்போது அதிர்ஷ்டத்துக்காகத் தட்டுக்குக் கீழே காசு வைப்பார்களாம். இதைவிடச் சாதுவான நாட்டை நான் வாசித்ததில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நல்ல நாடு ஏன் ஒருவர் வாயிலும் அடிபடவில்லை?

கடைசியில் ஒரு குற்றம் அகப்பட்டது. மாத்தே. ஒருவகைப் பச்சை இலையைச் சுரைக்குடுவையில் போட்டு வெந்நீர் ஊற்றி, உலோகக் குழாயால் உறிஞ்சுகிறார்கள். குடுவை ஒன்று. குழாயும் ஒன்று. அது கைமாறி, வாய்மாறிச் சுற்றிவரும்.

அந்த வியாழக்கிழமையே வசந்தியை மேசையில் இருத்திப் பாடத்தைத் தொடங்கினேன்.

"சிஞ்ஞோராவின்ரை தம்பி உறிஞ்சிப்போட்டு உன்னட்டை நீட்டினால் என்ன செய்வாய்?"

"வயித்துக் குத்து எண்டு சொல்லுவன்."

"நல்ல பதில்" என்றது கதவடியிலிருந்து ஒரு குரல். "ஆனால் பிள்ளை, எப்பவும் அதையே சொல்லு. மாத்திச் சொன்னால்தான் பிடிப்பாங்கள்."

அருளப்பு. மன்னார்க்காரர், எங்களுக்கு மேல் மாடி. கோடையில் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவார். மாரியில் மாடிப்படிகள் துடைப்பார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி ரீட்டா, இடுப்பில் ஒரு சட்டி சம்பலோடு. இரண்டு பேரும் கேட்காமலேயே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்கள்.

"ஆர் பிடிக்கிறது?" என்றேன்.

"எயார்போட்டிலைதான் மாஸ்டர். நீங்கள் படிப்பியுங்கோ. நாங்கள் கரைச்சல் தரேல்லை." என்றவர் உடனேயே கரைச்சல் தரத் தொடங்கினார். "பிள்ளை, தலைநகர் என்ன?"

"மொன்டேவீடியோ."

"ஏன் போறாய்?"

"சிஞ்ஞோராவின்ரை தம்பியைப் பாக்க."

"கண்ணைப் பாத்துச் சொல்லு. நிலத்தைப் பாத்தால் முடிஞ்சுது. மலை இருக்கோ?"

"பெரிசா இல்லை."

"மார்கழியிலை மழையோ வெயிலோ?"

"வெயில். பூமத்திய ரேகைக்கு அங்காலை எல்லாம் மாறி வரும். எங்களுக்கு மாரி எண்டால் அவைக்குக் கோடை."

"கடவுளே, இதையெல்லாம் கேப்பாங்களோ?" என்று ரீட்டா நெஞ்சில் கைவைத்தார். "மாஸ்டர் இல்லாட்டி எங்கடை ஆக்கள் எத்தினை பேர் இதிலை மாட்டியிருப்பினம்!"

நான் அன்று படிப்பித்த ஒவ்வொரு உண்மையும் எங்களுக்கு எதிரான சாட்சியாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு நாட்டை இவ்வளவு நுணுக்கமாகப் பாடமாக்குகிறவள் அங்கே போகவா போகிறாள்? அடுத்த வியாழன் கேட்க வந்தவர்கள் ஏழு பேர். எங்களிடம் கதிரை நாலு.

நூல்

ஏழு பேருக்கும் ஒரேயடியாக விளங்கப்படுத்திவிடுவோம் என்று, ரீட்டாவின் மகளுடைய உலக உருண்டையைக் கொண்டுவரச் சொன்னேன். உள்ளே மின்குமிழ் எரிகிற பிளாஸ்ரிக் உருண்டை. தைக்கிற நூலை எடுத்து ஒரு நுனியைப் பலெர்மோவில் பிடித்தேன். மறுநுனியை ரொறன்ரோவரை இழுத்து, கத்தரித்தேன். இன்னொரு நூலை மொன்டேவீடியோவிலிருந்து ரொறன்ரோவரை இழுத்து, அதையும் கத்தரித்தேன். இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தேன்.

இரண்டாவது நூல்தான் நீளம்.

"பாருங்கோ. அமெரிக்கா எண்டு பேர் இருக்கிறதாலை கிட்ட எண்டு நினைக்காதையுங்கோ. கனடாவுக்கு இஞ்சையிருந்து கிட்ட, அங்கையிருந்து தூரம். கனடாவுக்குப் போறவள் ஏன் இன்னும் தூரம் போய் நிக்கிறாள்?"

அருளப்பு குனிந்து இரண்டு நூல்களையும் விரலால் நேராக்கிப் பார்த்தார். இத்தனை வருடப் படிப்பித்தலுக்கு இன்றைக்குத்தான் பலன் என்று நான் நினைத்தேன்.

ரீட்டாதான் வாய் திறந்தார்.

"அதுதானே மாஸ்டர் இதிலை இருக்கிற கெட்டித்தனம். தூரமாப் போறவளை ஆர் சந்தேகப்படுவினம்?"

எல்லோரும் ஆறுதலாக மூச்சுவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது வசந்தியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நீளமான நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சில விஷயங்கள் என் கண்ணில் படத் தொடங்கின.

பார்சல் கொண்டுவருகிறவர்களிடம் நான்தான் இல்லை இல்லை என்று கத்தினேன். அவள் ஒருநாளும் மறுக்கவில்லை. "அதிலை வையுங்கோ" என்று மட்டும் சொன்னாள். அருளப்பு ஒரு துண்டில் ரெலிபோன் நம்பர் எழுதிக் கொடுத்தபோது, என்ன நம்பர் என்று கேட்காமல் வாங்கி வைத்தாள். உருகுவே பற்றி நான் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். ஆனால் அவளாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அங்கே என்ன உடுப்பார்கள், சந்தை எங்கே, கோயில் இருக்கிறதா, ஒன்றுமில்லை.

வகுப்பில் நின்றவனுக்கு இது தெரியும். எனக்கு அந்த வகைப் பிள்ளைகளைப் பார்த்துப் பழக்கம். கேள்வியே கேட்காத பிள்ளைக்கு அந்தப் பாடம் தேவையில்லை.

மார்கழிக் கோடைக்கு

புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு அவள் சூட்கேஸ் அடுக்கினாள். மேலே அடுக்கியிருந்ததை நான் பார்வையாலேயே எண்ணினேன். பருத்திச் சட்டைகள் ஐந்து. பாவாடைகள் மூன்று. இறப்பர்ச் செருப்பு. எல்லாம் கோடைக்குச் சரி. பூட்டைச் சரிபார்க்கிற சாட்டில் மூடியைத் தூக்கியபோது அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. இழுத்தேன். கம்பளிக் கோட். கணுக்கால்வரை. கழுத்துக்கு உரோமப் பட்டி.

வசந்தி குசினிக் கதவடியில் உடுப்புக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, உருகுவேயிலை மார்கழி என்ன காலம்?"

"கோடை."

"அப்ப இது என்ன?"

அவள் அயனை நிமிர்த்தி வைத்தாள். கீழே சந்தையில் மீன்காரன் கூவிக்கொண்டிருந்தான்.

"கோட்."

"ஆர் தந்தது?"

"ரீட்டா அக்கா. தேவைப்படும் எண்டா."

"எங்கை தேவைப்படும்?"

மீன்காரன் இன்னொரு தரம் கூவினான்.

"அப்பா, நான் கனடாவுக்குப் போகேல்லை எண்டு சொன்னால் நம்புவியளோ?"

நான் கோட்டைப் புரட்டிப் பார்த்தேன்.

"நம்பமாட்டியள். போறன் எண்டு சொன்னால் உடனை நம்புவியள்."

"ரெண்டையும் விடு. உள்ளதைச் சொல்லு."

"உள்ளது இதுதான். முந்தி நான் நினைக்கவேயில்லை. இவையள் ஒவ்வொருத்தராய் வந்து சொல்லச் சொல்ல நினைச்சன். பிரேசிலுக்குப் போனால் அங்கையிருந்து கனடாவுக்கு ஏத்திவிட ஆக்கள் இருக்கினமாம். அருளப்பு அண்ணை தந்தது அவையின்ரை நம்பர்தான். எனக்கு முப்பத்திநாலு வயசு, அப்பா. அங்கை ஒரு கடையிலை நிண்டாலும் பின்னேரம் என்ரை வீட்டுக்கு வருவன். இஞ்சை கிழமையிலை ஒண்டரை நாள்தான் எனக்கு வீடு."

"அப்ப போறாய்."

"கேளுங்கோ. கோட்டை எடுத்து வைச்சன். பிறகு உங்களை நினைச்சு வெளியிலை எடுத்தன். பிறகு திரும்பவும் வைச்சன். இப்ப உள்ளை கிடக்கு. அவ்வளவுதான் எனக்கும் தெரியும்."

நான் கோட்டை மடித்து அலுமாரிக்கு மேலே, கை எட்டாத இடத்தில் வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி" என்றாள். அயனை எடுத்தாள்.

அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பின்னேரம் பார்சல்கள் எல்லாவற்றையும் தூக்கி மேல் மாடியில் அருளப்புவின் வாசலில் குவித்தேன். அதற்குள் பதினெட்டு ஆகியிருந்தது. அவர் கோபிக்கவில்லை. "விளங்குது மாஸ்டர்" என்று கண்ணைச் சிமிட்டினார். "பாரம் கூடினால் கஸ்டம்ஸிலை கேப்பாங்கள்தான்."

விமான நிலையத்தில்

ரிக்கெற் வெள்ளிக்கிழமைக்கு. வெள்ளி மேற்கே சூலம், அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது. நான் படித்தவன், இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் பஞ்சாங்கத்தைப் பார்த்துவைத்தேன். விமானம் முதலில் வடக்கே ரோமுக்குப் போகிறது, ஆகவே சூலம் பாதிக்காது என்று எனக்கு நானே ஒரு வழக்கறிஞர்போல வாதாடி, அந்த வழக்கில் வென்றேன். ரோமிலிருந்து எந்தத் திசை என்பதை நினைக்காமல் விட்டேன்.

புன்ரா ராய்சி விமான நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் மொட்டை மலை. நான் முதலே போய் நின்றேன். சிஞ்ஞோராவும் வசந்தியும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். சிஞ்ஞோரா சக்கர நாற்காலியில், கறுப்பு உடுப்பு, தொப்பி. மடியில் ஒரு பெரிய தோல் கைப்பை. வசந்தி நாற்காலியைத் தள்ளினாள்.

கவுண்டரில் பாஸ்போர்ட் கேட்டார்கள். சிஞ்ஞோரா கைப்பையைத் திறந்து இரண்டை எடுத்துக் கொடுத்தார். ஒன்று அவருடையது. மற்றது என் மகளுடையது. திரும்பி வந்தபோது இரண்டையும் அவரே வாங்கிக் கைப்பையில் வைத்தார். பித்தளைப் பூட்டு 'டக்' என்று மூடியது.

வசந்தியைப் பக்கத்தில் இழுத்தேன்.

"உன்ரை பாஸ்போட் ஏன் அவவிட்டை?"

"திங்கக்கிழமையிலையிருந்து அவவிட்டைத்தான். அவவின்ரை வீட்டு மாடிப்படியிலை ரீட்டா அக்கா வந்து என்னோடை கதைக்கேக்கை கனடா, கனடா எண்டது அவவுக்குக் கேட்டிட்டுது. பக்கத்து வீட்டு சிஞ்ஞோராவும் சொன்னாவாம், உங்கடை ஆக்கள் போனால் திரும்பி வாறேல்லை எண்டு. பலெர்மோவுக்கு வந்து இறங்கினாப் பிறகு தாறன் எண்டவ."

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் இதைச் சொன்னாள்.

முதலில் எனக்கு நெஞ்சு லேசானது. மறைக்க என்ன இருக்கிறது? இத்தனை நாளாக நான் தேடித்திரிந்த உத்தரவாதம் அந்தத் தோல் பைக்குள் இருந்தது. அது பூட்டியிருக்கும்வரை பிரேசிலும் இல்லை, கனடாவும் இல்லை. மாரி முடிய மகள் வந்து கதவைத் தட்டுவாள். நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. சும்மா கையைக் காட்டி அனுப்பினால் போதும்.

அவள் குனிந்து நாற்காலியின் கால்மிதியைச் சரிசெய்தாள். வளர்ந்த மனுஷி ஒருத்தி ஒரு சமுத்திரத்தைத் தாண்டப் போகிறாள். தன் பெயர் எழுதிய ஒரு தாள் அவள் கையில் இல்லை. எங்கள் ஊரில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, போய்விட்டு வா, வரும்போது தருகிறேன் என்பார்கள். அட்டை இல்லாமல் அப்பால் போகிறவன் எப்படி நடப்பான் என்று எனக்குத் தெரியும். நானும் நடந்திருக்கிறேன். வீதி ஓரமாக, யாரும் பெயர் கேட்டுவிடக்கூடாதே என்று.

நான் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன்.

"சிஞ்ஞோரா, அவளுடைய பாஸ்போர்ட்டைத் தாருங்கள்."

"பத்திரமாக இருக்கிறது, புரொஃபெசோரே."

"தெரியும். தாருங்கள்."

அவர் என் கோட்டுக் கையைப் பிடித்துக் குனியவைத்தார். லவெண்டர் வாசம் வந்தது. "நீங்கள் தகப்பன். உங்களுக்காகவும்தான் வைத்திருக்கிறேன்" என்று காதோடு சொன்னார். "அங்கே அவள் ஓடிவிட்டால்? நான் நடக்கமுடியாமல் கட்டிலில் கிடப்பேன். நீங்கள் இங்கே தனியாகக் கிடப்பீர்கள்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

"ஓடினால் இரண்டு பேரும் இருந்து அழுவோம்" என்றேன். என் இத்தாலியனில் அதைவிட அழகாகச் சொல்ல வராது. "ஆனால் அது அவளுடையது. அவளிடம் இருக்கட்டும்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சிஞ்ஞோரா என் முகத்தைப் பார்த்தார். நான் நடிக்கிறேனோ, மகளோடு சேர்ந்து ஏதும் திட்டம் போட்டிருக்கிறேனோ என்று அவர் கணக்குப் பார்ப்பது தெரிந்தது. அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். பிறகு பூட்டைத் திறந்தார். பாஸ்போர்ட்டை அவளிடம் கொடுக்கவில்லை. என்னிடம் கொடுத்தார். நான் அதை வசந்தியின் கையில் வைத்தேன்.

மாரி முடிய அவள் திரும்பி வந்தாள். சிஞ்ஞோராவும் வந்தார். வாசகர்கள் கடிதம் எழுதிக் கேட்பார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று அந்தக் கவுண்டருக்கு முன்னால் எனக்கு அது தெரியாது. திரும்பி வரமாட்டாள் என்றுதான் பாதிக்குமேல் நினைத்திருந்தேன்.

வசந்தி பாஸ்போர்ட்டைத் திறந்து தன் படத்தை ஒருமுறை பார்த்தாள். தோள்பையில் வைத்து சிப்பை இழுத்தாள். நாற்காலியின் பிடியில் இரண்டு கைகளையும் வைத்தவள், தள்ளாமல் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இப்ப என்னை நம்பிறியளோ?"

"இல்லை" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிஞ்ஞோரா என்ன, என்ன என்று இத்தாலியனில் கேட்டுக்கொண்டிருக்க, சிரித்தபடியே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.